பழைய விமானத்தில் முதலில் எதை மாற்றுவது?

சிங்கப்பூரில் பத்து வயதுக் கார் வைத்திருப்பவரைப் பார்த்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது மாற்றப் போகிறீர்கள்?" என்பதுதான். 1990ஆம் ஆண்டில் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்புக்கு வந்தது. அதன் பிறகு பிறந்த நம் தலைமுறைக்குப் பத்து ஆண்டு என்பது ஒரு வாகனத்தின் இயல்பான ஆயுள் என்றே பதிந்துவிட்டது. அப்படி வளர்ந்த எனக்கு, 1968ஆம் ஆண்டில் தயாரான ஒரு விமானத்தில் மூன்றில் ஒரு பங்கு சொந்தமானபோது வீட்டிலிருந்து வந்த முதல் கேள்வியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். "அது இன்னுமா பறக்குது?" என்றார் அம்மா.

பறந்தது. நான் என் பங்கை விற்றுவிட்டு 2024இல் ஊர் திரும்பியபோது அதற்கு வயது 56. இந்தக் கட்டுரை அந்த விமானத்தின் பெருமையைப் பாட எழுதப்பட்டதன்று. பழைய விமானத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைச் சந்திக்கிறார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. விமானத்தை மேம்படுத்த வேண்டும். முதலில் எதை மாற்றுவது? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் தரும் விடை தவறானது என்பது என் கருத்து. அந்தத் தவறான விடையைத்தான் நானும் முதலில் தந்தேன்.

கார் விலையில் ஒரு விமானம்

முதலில் ஒரு விளக்கம். சொந்த விமானம் என்றதும் பெரும் செல்வந்தர்களின் தாரை விமானங்களை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கைச் சிறு விமானம். மேலே இறக்கை, முன்னால் ஒரு சுழல்விசிறி, ஒரே என்ஜின், கீழே மூன்று சக்கரம். 1955இல் முதன்முதலாகப் பறந்த இந்த வகையில் இதுவரை 44,000க்கும் மேற்பட்ட விமானங்கள் தயாராகியுள்ளன. உலகில் வேறெந்த விமான வகையும் இத்தனை எண்ணிக்கையில் தயாரானதில்லை. 1958 டிசம்பரில் லாஸ் வேகாஸிலிருந்து கிளம்பிய இருவர் இந்த வகை விமானத்தில் 64 நாள் தரையிறங்காமல் பறந்தார்கள். தாழப் பறந்தபடி, சாலையில் ஓடிய லாரியிலிருந்து எரிபொருளையும் உணவையும் மேலே இழுத்துக்கொண்டார்கள். 1987 மே மாதத்தில் மேற்கு ஜெர்மானிய இளைஞர் ஒருவர் மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தை ஒட்டித் தரையிறக்கிய விமானமும் இதே வகைதான்.

புதிய செஸ்னா 172 ஒன்றின் விலை 400,000 அமெரிக்க டாலரைத் தாண்டும். எங்களுடைய பழைய விமானத்தை 2019இல் 54,000 டாலருக்கு வாங்கினோம். ஆளுக்கு 18,000. ஒப்பிட்டுப் பாருங்கள்: 2023 அக்டோபரில் சிங்கப்பூரில் பெரிய கார்களுக்கான உரிமைச் சான்றிதழ் மட்டும் 150,001 வெள்ளியைத் தொட்டது. அதில் கார் சேர்த்தியில்லை, காகிதம் மட்டும்தான்.

நாங்கள் மூவர். வேலை நிமித்தம் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகருக்குப் பக்கத்தில் குடியேறிய நான். முப்பது ஆண்டுகளாக அங்கேயே வாழும் ஈப்போக்காரரான ஓர் அண்ணன். ஓய்வுபெற்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் ஒருவர். தனிநபர் ஒருவர் அங்கே தம் பெயரில் விமானத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். எனக்கு நிரந்தரவாசத் தகுதி கிடைத்த ஆண்டில்தான் அண்ணன், "தம்பி, ஒரு பங்கு காலியா இருக்கு, சேர்றியா?" என்று கேட்டார்.

வாங்குவது எளிது, வைத்திருப்பதுதான் கடினம். கொட்டகை வாடகை, காப்புறுதி, எரிபொருள் ஆகியவை ஒருபுறம். மறுபுறம், பன்னிரண்டு மாதத்திற்கு ஒருமுறை விமானத்தைப் பிரித்து மேய்ந்து, "பறக்கத் தகுதியுடையது" என்று உரிமம் பெற்ற தொழில்நுட்பர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் விமானம் தரையை விட்டு எழும்பக்கூடாது. ஐம்பது வயது விமானம் நம்பிக்கையோடு பறப்பதன் இரகசியம் இதுதான். காரின் ஆயுளை நாம் நாள்காட்டியை வைத்து முடிவு செய்கிறோம். விமானத்தில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்கிறார்கள். எங்கள் விமானத்திலிருந்த 150 குதிரைத்திறன் என்ஜினுக்கு 2,000 மணி நேரத்திற்கு ஒருமுறை முழுச் சீரமைப்பு செய்யுமாறு தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். கதவுக் கைப்பிடிக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. தேய்ந்தால் மாற்றலாம், அவ்வளவுதான்.

திரை மோகம்

வாங்கிய ஓராண்டிற்குள் எனக்குத் திரை மோகம் பிடித்தது.

பழைய விமானத்தின் முகப்பில் வட்ட வட்டமாகக் கடிகார முகம் கொண்ட கருவிகள் இருக்கும். வேகம், உயரம், திசை, சாய்வு என ஒவ்வொன்றுக்கும் ஒரு முள். புதிய விமானங்களில் அவை அத்தனையும் வண்ணத் திரைகளுக்குள் வந்துவிட்டன. முன்பெல்லாம் இத்தகைய திரைகளைப் பழைய விமானத்தில் பொருத்துவதற்குச் சான்றளிப்புச் செலவே கண்ணைக் கட்டும். 2016இல் அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த விதிகளைத் தளர்த்தியது. அதன் பிறகு கார்மின், டைனான் போன்ற நிறுவனங்களின் சிறு திரைகள் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கத் தொடங்கின. எங்கள் விமான நிலையத்தில் வாரத்துக்கு ஒருவர் புதிய முகப்பைப் பொருத்திப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

நானும் விலைப்பட்டியல் வாங்கினேன். இரண்டு திரை, ஒரு தானியங்கி ஓட்டி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 22,000 டாலர். மற்ற இருவரிடமும் ஆர்வத்தோடு காட்டினேன். ஆசிரியர் யோசித்தார். அண்ணன் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வருஷச் சோதனை முடியட்டும் தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார்.

ஒரு குளிர்காலத் தலைவலி

2021 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை நான் தனியாகப் பறந்தேன். வெளியே உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகை. வெப்பமூட்டியை முழுவதும் திறந்துவிட்டிருந்தேன். ஒரு மணி நேரம் பறந்து தரையிறங்கியபோது தலை விண்விண்ணென்று வலித்தது. முந்தைய இரவு சரியாகத் தூங்காததால் வந்த வலி என்று நினைத்துக்கொண்டேன். தரையிறங்கும் முன் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன ஓடுபாதை எண்ணை இருமுறை தவறாகத் திருப்பிச் சொன்னதையும் அந்தத் தூக்கக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

மார்ச் மாத ஆண்டுச் சோதனையில் தொழில்நுட்பர் என்னை அழைத்து, புகைபோக்கியின் உறையைக் கழற்றிக் காட்டினார். விரல் நீளத்திற்கு ஒரு விரிசல்.

இதன் பொருள் என்ன? இந்த வகை விமானங்களில் வெப்பமூட்டி என்பது தனிக் கருவி அல்ல. என்ஜின் புகை வெளியேறும் சூடான குழாயைச் சுற்றி ஓர் உறை இருக்கும். வெளிக்காற்று அந்த உறைக்குள் நுழைந்து, குழாயின் சூட்டை வாங்கிக்கொண்டு, நாம் அமர்ந்திருக்கும் இடத்திற்கு வரும். குழாயில் விரிசல் விழுந்தால் காற்றோடு புகையும் வரும். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குழப்பம், பிறகு மயக்கம். தாம் குழம்பியிருப்பதை விமானியால் உணரவே முடியாது என்பதுதான் இதன் கொடுமை. குழம்பிய மூளையைக் கொண்டுதான் அதையும் உணர்ந்தாக வேண்டும்.

காற்பந்து இரசிகர்களுக்கு எமிலியானோ சாலாவை நினைவிருக்கும். கார்டிஃப் சிட்டி குழுவில் சேரவிருந்த அந்த அர்ஜென்டினா ஆட்டக்காரர் 2019 ஜனவரி 21ஆம் தேதி இரவில் ஒற்றை என்ஜின் பைப்பர் மாலிபு விமானத்தில் பறந்தபோது, விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவரது இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு 58 விழுக்காடு கலந்திருந்தது. ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவி எதுவும் அந்த விமானத்தில் இல்லை என்று பிரிட்டிஷ் விசாரணையாளர்கள் குறிப்பிட்டார்கள். விமானியின் உரிமம் பற்றியும் இரவுப் பயணம் பற்றியும் அந்த விபத்தில் வேறு பல கேள்விகள் உண்டு. ஆனாலும் ஒரு சிறிய எச்சரிக்கைக் கருவி அன்று என்ன செய்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு அகலவில்லை.

2022 ஜனவரியில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு கணக்கை வெளியிட்டது. 1982க்கும் 2020க்கும் இடையே கார்பன் மோனாக்சைடு நச்சினால் நேர்ந்தவை என 31 விமான விபத்துகளை அது அடையாளம் கண்டது. அவற்றில் 23 விபத்துகளில் 42 பேர் இறந்தார்கள். அந்த 31 விமானங்களில் ஒன்றே ஒன்றில்தான் இந்த வாயுவைக் காட்டும் கருவி இருந்தது. அதுவும் ஒலி எழுப்பக்கூடியதன்று. இத்தகைய விமானங்களில் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்குமாறு வாரியம் பரிந்துரைத்தது. நாங்கள் வாங்கிய கருவியின் விலை 180 டாலர். நான் கேட்ட திரைகளின் விலையில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அண்ணனின் பட்டியல்

அன்று மாலை அண்ணன் மடித்து வைத்திருந்த என் விலைப்பட்டியலை வெளியே எடுத்தார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் தம் பட்டியலை எழுதியிருந்தார். புதிய புகைபோக்கி, 1,300. எச்சரிக்கைக் கருவி, 180. முன்னிருக்கைகளுக்குத் தோள் வார், 1,400. இருக்கைத் தண்டவாளமும் தடுப்பும், 620. பிறகு ஆளுக்குப் பத்து மணி நேரம் பயிற்றுநரோடு பறப்பது, மூவருக்கும் சேர்த்து 3,300. மொத்தம் 6,800 டாலர்.

"உன் பட்டியல்ல உள்ளதை வாங்குனா படம் எடுத்து ஊருக்கு அனுப்பலாம், தம்பி. என் பட்டியல்ல படம் எடுக்க ஒண்ணுமே இல்ல" என்று சிரித்தார்.

அந்தப் பட்டியலில் எனக்குப் புதிராக இருந்தது தோள் வார். காரில் இடுப்பையும் தோளையும் சேர்த்துக் கட்டும் இருக்கை வார் இல்லாமல் நம்மில் யாரும் பயணம் செய்ததில்லை. அதனால் அது இல்லாத வாகனம் இருக்கக்கூடும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. அமெரிக்காவில் 1978 ஜூலை 18க்குப் பிறகு தயாரான சிறு விமானங்களில்தான் முன்னிருக்கைகளுக்குத் தோள் வார் கட்டாயம். அதற்கு முந்தியவற்றுக்குக் கட்டாயமில்லை. எங்கள் விமானத்தில் இடுப்பு வார் மட்டும்தான் இருந்தது. மூன்றாண்டாக அதில் பறந்த ஆசிரியரும் ஈராண்டாகப் பறந்த நானும் அதைக் கவனிக்கவே இல்லை.

இடுப்பு வாரை மட்டும் கட்டியிருந்தால், விமானம் வயலில் இறங்கி முட்டி நிற்கும்போது உடல் இடுப்பில் மடிந்து, தலை முகப்பில் போய் மோதும். அழகிய திரைகளைப் பொருத்த நான் ஆசைப்பட்ட அதே முகப்பில்தான். 2011இல் அந்த வாரியம் வெளியிட்ட ஓர் ஆய்வு, இடுப்பு வார் மட்டும் அணிந்தவர்கள் இறக்கவோ கடுமையாகக் காயமடையவோ உள்ள அபாயம், தோள் வாரும் சேர்த்து அணிந்தவர்களைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகம் என்று கண்டது.

இருக்கைத் தண்டவாளத்திற்கும் ஒரு கதை உண்டு. செஸ்னாவின் முன்னிருக்கை இரு தண்டவாளங்களின்மேல் முன்னும் பின்னும் நகரும். ஊசி ஒன்று துளையில் விழுந்து அதைப் பிடித்து நிறுத்தும். துளை தேய்ந்தால் பிடி தளரும். விமானம் மேலெழும் தருணத்தில் இருக்கை பின்னோக்கி வழுக்கினால், விமானி பிடித்திருக்கும் திசைமாற்றியையும் சேர்த்து இழுத்துவிடுவார். மூக்கு செங்குத்தாக மேலே போகும். இப்படி நேர்ந்த விபத்துகளைத் தொடர்ந்து, 1987இல் இந்தத் தண்டவாளங்களை முறையாகச் சோதிக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டாய உத்தரவு பிறப்பித்தது. எங்கள் தண்டவாளம் சோதனையில் தேறியிருந்தது. ஆனால் மயிரிழையில்தான் தேறியது என்று தொழில்நுட்பர் சொன்னார்.

விமானியை மேம்படுத்துவது

பட்டியலின் கடைசி வரிதான் என் தன்மானத்தைச் சுட்டது. உரிமம் வைத்திருக்கும் எனக்கு எதற்குப் பயிற்சி?

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி பெறாத 20 விமானிகளை, மேகத்துக்குள் புகுந்தது போன்ற சூழலில் பறக்கவிட்டார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. வெளியே அடிவானம் தெரியாதபோது நம் உட்காது பொய் சொல்லும். விமானம் சாய்ந்துகொண்டே போகும். நமக்கோ நேராக இருப்பதுபோலவே தோன்றும்.

என் பயிற்சியின் முதல் நாளில், வெளியே பார்க்க முடியாதபடி மறைப்பு ஒன்றை என் நெற்றியில் மாட்டினார் பயிற்றுநர். நான் 178 வினாடியைத் தாண்டினேன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஏழாவது நிமிடத்தில் வரைபடத்தை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது இறக்கை 50 பாகை சாய்ந்திருந்தது. "மறைப்பைக் கழற்று" என்று அவர் அமைதியாகச் சொன்னார். கழற்றியபோது கண்ணாடி முழுவதும் சோளக்காடு தெரிந்தது.

1999 ஜூலை 16ஆம் தேதி இரவு, அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஓட்டிச் சென்ற பைப்பர் சரட்டோகா விமானம் கடலில் விழுந்து, அவரும் மனைவியும் மனைவியின் சகோதரியும் இறந்தார்கள். மூடுபனியும் இருளும் சூழ்ந்த கடல்மீது அவர் திசை உணர்வை இழந்ததே காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதியை அவர் இன்னும் பெற்றிருக்கவில்லை. அந்த விமானத்தில் நல்ல தானியங்கி ஓட்டி ஒன்று இருந்தது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கருவி இருந்தது. அதைச் சரியான தருணத்தில் நாடும் பயிற்சி போதவில்லை.

திரைகளைப் பற்றிய நேரடி ஆய்வும் உண்டு. 2002க்கும் 2006க்கும் இடையே தயாரான 8,000க்கும் மேற்பட்ட சிறு விமானங்களை அதே வாரியம் ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டது. திரை பொருத்திய விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவாக இருந்தது. ஆனால் உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளின் விகிதம் அதிகமாக இருந்தது. திரை கொண்ட விமானங்கள் நீண்ட பயணங்களுக்கும் மோசமான வானிலையிலும் அதிகம் பயன்படுகின்றன என்பதும் இதற்கு ஒரு காரணம். என் வாதம் அங்கேதான் தொடங்குகிறது. புதிய கருவி கைக்கு வந்ததும், முன்பு போகத் துணியாத இடத்திற்கு நாம் போகத் துணிகிறோம். துணிவு ஒரே நாளில் வந்துவிடும். திறமைக்குப் பல மாதம் பிடிக்கும்.

மாற்றுக் கருத்து

திரையை விரும்புவோர் தரப்பிலும் நியாயம் உண்டு. பழைய விமானத்தில் சாய்வைக் காட்டும் கருவி காற்றை உறிஞ்சும் ஒரு பம்பினால் இயங்குகிறது. அந்தப் பம்பு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உடையக்கூடியது. அது உடைந்தால் கருவி சட்டென்று நின்றுவிடாது. மெல்ல மெல்லச் சாய்ந்து பொய் சொல்லத் தொடங்கும். மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. மின்னணுத் திரையில் பம்பு இல்லை. விமானத்தின் மின்சாரம் போனாலும் தாங்கும் தனி மின்கலம் அதில் உண்டு. அருகில் பறக்கும் மற்ற விமானங்களைத் திரையில் பார்க்க முடிவதும் பெரிய உதவி. தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி 2020 ஜனவரி முதல் அமெரிக்காவின் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளியில் கட்டாயமாகிவிட்டது. எங்கள் விமானத்திலும் அதைப் பொருத்தினோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

விற்கும்போது கூடுதல் விலை கிடைக்கும் என்ற வாதமும் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் போட்ட பணம் முழுவதும் திரும்பி வருவதில்லை. மேலும், விற்கப்போகும் நாளை எண்ணி இன்று பறக்கும் விமானத்தை மேம்படுத்துவது, அடுத்து வாங்கப் போகிறவருக்காக நம் வீட்டுக்கு வண்ணம் அடிப்பதைப் போன்றது.

ஆகவே, திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023இல் நாங்களும் அந்தப் பழைய பம்புக் கருவிக்குப் பதிலாக ஒரு சிறு திரையைப் பொருத்தினோம். நான் பேசுவது வரிசையைப் பற்றி. தவறு நேர்ந்தால் உயிரைக் காப்பவை முதலில். தவறு நேராமல் தடுக்கும் திறமை இரண்டாவது. வேலையை எளிதாக்கும் கருவி மூன்றாவது. கண்ணுக்கு அழகானவை கடைசியில். இந்த வரிசையில் முதல் இரண்டு படிகளுக்கு ஆகும் செலவு மூன்றாவதைவிட மிகக் குறைவு என்பதை எங்கள் கணக்கே காட்டியது. பணமில்லை என்பதால் யாரும் இவற்றைத் தள்ளிப்போடுவதில்லை. கண்ணில் படவில்லை என்பதால்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

கீழே இருப்பவர்கள்

இன்னொரு மேம்பாட்டையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதன் பயன் உரிமையாளருக்கு வருவதில்லை. சிங்கப்பூரில் 1998 ஜூலையிலேயே கார்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றுவிட்டது. சிறு விமானங்களின் பெட்ரோலிலோ இன்றும் ஈயம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு 0.56 கிராம் வரை. எங்கள் விமானம் மணிக்குச் சுமார் 30 லிட்டர் எரித்தது. நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த ஈயம் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகளின்மேலும் பள்ளிகளின்மேலும்தான் இறங்குகிறது. 2023 அக்டோபரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, இந்த ஈயம் பொதுமக்களின் நலத்திற்கு ஊறு விளைவிக்கக்கூடியது என்று முறைப்படி அறிவித்தது. 2030ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஈயமில்லா எரிபொருளுக்கு மாறுவது அங்குள்ள விமானத் துறையின் இலக்கு. தன் முகப்புக்கு 22,000 டாலர் செலவழிக்கத் தயாராக இருக்கும் உரிமையாளர், ஈயமில்லா எரிபொருள் லிட்டருக்குச் சில காசு கூடுதல் என்றதும் முகம் சுளிப்பது எந்த வகையில் நியாயம்?

நிறைவாக

டேட்டன் நகரம் ரைட் சகோதரர்களின் ஊர். 1903 டிசம்பர் 17இல் அவர்கள் 12 வினாடி பறந்ததை நாம் தொடக்கப்பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. தங்கள் விமானத்தைத் தாங்களே மேம்படுத்திய முதல் உரிமையாளர்களும் அவர்கள்தாம். 1905 ஜூலை 14ஆம் தேதி அவர்களது மூன்றாவது விமானம் தரையில் மோதி நொறுங்கியது. நல்லவேளையாக ஆர்வில் உயிர் தப்பினார். அதைத் திரும்பக் கட்டியபோது, மேலும் கீழும் திருப்பும் பலகையைப் பெரிதாக்கி, இன்னும் தள்ளி முன்னால் பொருத்தினார்கள். விமானம் சொன்னபடி கேட்கத் தொடங்கியது. அக்டோபர் 5ஆம் தேதி, அதே விமானத்தில் வில்பர் சுமார் 39 நிமிடத்தில் 39 கிலோமீட்டர் பறந்தார். எங்கே தவறியதோ அங்கே கைவைத்தார்கள். வேறெங்கும் பணத்தைப் போடவில்லை. அந்த விமானம் டேட்டனில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் அழைத்துப்போய்க் காட்டிய இடம் அது.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் சிலேத்தாரில் உள்ள இளையர் விமானக் கழகத்தில் பயிற்சி பெற்றிருக்கலாம். சிலர் நாளை வெளிநாட்டில் வேலை பார்க்கும்போது என்னைப்போல ஒரு பழைய விமானத்தின் பங்கை வாங்கலாம். பலர் விமானமே வாங்கப்போவதில்லை. ஆனால் பழைய கார் வாங்குவீர்கள், மறுவிற்பனை வீடு வாங்குவீர்கள், பெற்றோரின் வீட்டைப் புதுப்பிப்பீர்கள். அப்போதும் இதே கேள்வி எழும். வரவேற்பறைக்குப் புதிய தொலைக்காட்சியா, அப்பாவுக்குக் குளியலறையில் வழுக்காத தரையும் பிடிமானமுமா? விருந்தினர் கண்ணில் படுவது எது என்று உங்களுக்கே தெரியும்.

என் பங்கை வாங்க வந்த இளைஞர் முதலில் திரையைத்தான் பார்த்தார். அதன் விலையைக் கேட்டார். நான் சொன்னேன். பிறகு அவரை இருக்கையில் உட்காரவைத்துத் தோள் வாரை மாட்டச் சொன்னேன். மாட்டினார், காரில் மாட்டுவதுபோல, அதைப் பற்றி எதுவும் நினைக்காமல். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.